முதுகுக்கடியில் ஒரு கை

முதுகு வலி என்று யார் வந்து சொன்னாலும் மெத்தைக்காரர் முதலில் கேட்டது ஒரே கேள்விதான். "எதுமேல படுக்கிறீங்க?"

பதில் எதுவானாலும் சரி, அவர் தலையை ஆட்டிக்கொள்வார். பஞ்சு மெத்தை என்றால் பஞ்சு கட்டி தட்டிப்போயிருக்கும். ஸ்பிரிங் என்றால் நடுவில் குழி விழுந்திருக்கும். வெறுந்தரை என்றால் கேட்கவே வேண்டாம். வந்தவரைக் கடையில் கிடக்கும் மாதிரி மெத்தையில் மல்லாந்து படுக்கச் சொல்லுவார். பக்கத்தில் மண்டியிட்டு, இடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவே உள்ளங்கையை நுழைத்துப் பார்ப்பார். பெண்கள் வந்தால் அந்த வேலையை மனைவி செய்வாள். கை தாராளமாகப் போய் வந்தால் மெத்தை அந்த உடம்புக்குக் கெட்டி. நுழையவே இடமில்லை என்றால் மெத்து அதிகம். கை போகவும் வேண்டும், உரசிக்கொண்டும் போக வேண்டும். அந்த உரசலை வைத்தே எந்த ஃபோம், அதன்மேல் எவ்வளவு பஞ்சு என்று சொல்லிவிடுவார். சொன்னது தப்பியதும் இல்லை. மெத்தை வாங்கிப்போனவர்கள் நாலு பேரைக் கூட்டிவந்து, இவர் கையில் ஏதோ இருக்கிறது என்பார்கள். அந்தப் பேச்சு அவர் தலைக்கு ஏறியிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆகவே மனைவி ஒருநாள் தையல் மெஷினை விட்டு எழுந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, முதுகில் ஏதோ பிடித்த மாதிரி இருக்கிறது என்று சொன்னபோது அவருக்குக் கவலையே வரவில்லை. உற்சாகம்தான் வந்தது. ஊருக்கெல்லாம் தைத்துக்கொடுக்கிறவர், வீட்டில் மட்டும் அரதப்பழசு ஒன்றைப் போட்டு வைத்திருந்தார். அந்த வாரமே புதிதாக ஒன்று தைத்துப் போட்டார். வலி நிற்கவில்லை. ஃபோமை மாற்றி இன்னொன்று தைத்தார். அதற்குப் பிறகும் ஒன்று.

"ஏங்க, நான் என்ன மகாராணியா, மாசத்துக்கு ஒரு மெத்தை?" என்று கேட்டாள் அவள்.

அவருடைய அக்கா சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். வாய்க்கும் பெட்டிக்கும் ஒரே சூடு என்று கடையில் அவளைச் சொல்லுவார்கள். அவள்தான் ஒருமுறை, டாக்டரிடம் காட்டினால் என்ன என்று கேட்டாள். மெத்தைக்காரர் அதற்குச் சிரித்துக்கொண்டே, எந்த டாக்டர் எத்தனை மெத்தை தைத்திருக்கிறார் என்று திருப்பிக் கேட்டார். அக்காவும் சிரித்துவிட்டாள். கடைசியாகத் தைத்த மெத்தையில் படுத்து எழுந்து, மனைவி, "இப்ப பரவாயில்லங்க" என்றாள். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சாப்பாட்டைக்கூடத் தள்ளிவைத்துவிட்டு அவர் குத்திக்குத்தித் தைத்த மெத்தை அது. வேறென்ன சொல்லுவாள்?

நோய் முதுகில் இல்லை. வயிற்றுக்குள் ஆழத்தில் இருந்தது. அது தன்னைக் காட்டிக்கொண்டபோது டாக்டர்கள் செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. கொஞ்சம் முன்னாடி வந்திருந்தால் என்று ஒரு டாக்டர் ஆரம்பித்தார். மெத்தைக்காரரின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். நிறுத்தாமல் திட்டியிருந்தால் தேவலை என்று மெத்தைக்காரர் பிற்பாடு பலமுறை நினைத்துக்கொண்டார்.

அவள் போன பிறகு அவர் கடையில் 'எதுமேல படுக்கிறீங்க' என்ற கேள்வி எழவே இல்லை. முதுகு வலிக்கிறது என்று யாராவது வாயெடுத்தால், முதலில் போய் டாக்டரைப் பாருங்கள், மெத்தை ஓடிப்போகாது என்று அனுப்பிவைத்தார். மெத்தைக் கடைக்கு வந்தால் ஆஸ்பத்திரிக்கு வழி சொல்கிறார் என்று தெருவில் பேச்சு வந்தது. அவர் அளவெடுப்பார், வெட்டுவார், திணிப்பார், கோணி ஊசியைப் போட்டு இழுப்பார். யாரையும் படுக்கச் சொல்வதில்லை. உள்ளங்கையை யார் இடுப்புக்கடியிலும் நுழைப்பதில்லை.

வீட்டில் மிஞ்சியது அவரும் மகளும். மகளுக்குப் பத்து வயது தாண்டியிருந்தது. உடம்பை எப்படி மடக்கினாலும் மடங்கும் என்பதால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவளுக்கு 'ரப்பர்' என்று பட்டம் வைத்திருந்தார்கள். அம்மா செத்த பிறகு அவள் அதிகம் பேசுவதில்லை. பேசாததற்குச் சேர்த்து உடம்பை வளைத்துக்கொண்டிருந்தாள். பள்ளியில் ஜிம்னாஸ்டிக்ஸ் சொல்லித்தர ஒரு டீச்சர் புதிதாக வந்ததும் அவளைப் பிடிக்க முடியவில்லை. குட்டிக்கரணம், தலைகீழாக நிற்பது, பாலம். தரையில் மல்லாந்து படுத்து, உள்ளங்கைகளைக் காதோரம் ஊன்றி, உடம்பை மேலே தூக்கி வில் மாதிரி நிற்பதுதான் பாலம். அவர் காலையில் குளித்துவிட்டு வருவதற்குள் கூடத்துக்குக் குறுக்கே ஒரு பாலம் கட்டியிருப்பாள். அவர் சுவரோரமாக ஒதுங்கித்தான் போக வேண்டியிருக்கும்.

அடுத்தது பேக்பெண்ட். நின்றபடியே கைகளைத் தலைக்கு மேலே தூக்கி, அப்படியே பின்னால் வளைந்து, உள்ளங்கைகளைத் தரையில் ஊன்றுவது. இதைத் தனியாகச் செய்யக் கூடாது என்பது டீச்சரின் கண்டிப்பு. வீட்டில் பழகுவதானால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் மண்டியிட்டு, ஒரு கையை இடுப்புக்கடியிலும் இன்னொரு கையைத் தோள்பட்டைக்கடியிலும் கொடுத்து, கடைசிவரை தாங்க வேண்டும். விரிப்பு மெல்லியதாக, கெட்டியாக இருக்க வேண்டும். கட்டில் மெத்தையில் செய்யவே கூடாது. முதலில் மணிக்கட்டையும் தோளையும் நன்றாகச் சுழற்றிச் சூடேற்ற வேண்டும். இதையெல்லாம் மகள் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு, "பிடிக்கிறீங்களாப்பா?" என்று கேட்டாள்.

பக்கத்தில் மண்டியிட்டார். அவள் கைகளைத் தூக்கிக்கொண்டு தயாராக நின்றாள். அவர் உள்ளங்கையை அவள் இடுப்பின் பின்புறம் வைத்தார். சட்டைக்குள் முதுகெலும்பின் சின்னச்சின்ன முண்டுகள் கையில் தட்டின. மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு காட்டியது இதே இடத்தைத்தான். தொட்டது சுட்ட மாதிரி கையை எடுத்துக்கொண்டார்.

"இன்னைக்கு வேணாம். அத்தை வரட்டும்."

அத்தை வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நான் மண்டி போட்டா எழுந்திருக்கவே ரெண்டு ஆள் வேணும்டி. உன்னை நான் பிடிக்கிறதா, என்னை நீ பிடிக்கிறதா? டேய், தம்பி, நீ பிடிக்க வேண்டியதுதானே? ஊர்ல இருக்கிற முதுகையெல்லாம் தடவின கைதானே?"

அவர் எழுந்து கடைக்குப் போய்விட்டார்.

கடையில் உட்கார்ந்து அவருக்குத் தோன்றியது ஒரே வழி. கை கொடுக்க முடியாவிட்டால் என்ன, மெத்தை கொடுக்கலாமே. இருப்பதிலேயே மிருதுவான ஃபோமை எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஒட்டி, மேலே பஞ்சு பரப்பி, சிவப்பு ரெக்ஸின் உறை போட்டுத் தைத்தார். உட்கார்ந்தால் இடுப்புவரை உள்ளே போகும். மாடியிலிருந்து விழுந்தாலும் அடி படாது. தோளில் தூக்கிவந்து கூடத்தில் போட்டபோது, பல மாதங்களுக்குப் பிறகு ஒரு வேலையை உருப்படியாகச் செய்த திருப்தி அவருக்கு.

மகள் அதைக் கையால் அழுத்திப் பார்த்தாள். கெட்டியாக இருக்க வேண்டும் என்று டீச்சர் சொன்னதை நினைவுபடுத்தினாள்.

"மெத்தையைப் பத்தி உங்க டீச்சர் எனக்குச் சொல்ல வேணாம்" என்றார் மெத்தைக்காரர்.

அந்த வாக்கியத்தைச் சொன்ன கணத்திலேயே அவருக்கு வாய் கசந்திருக்க வேண்டும். கசக்கவில்லை. பழைய பழக்கம் அவ்வளவு சுலபத்தில் விடுவதில்லை.

அதற்குப் பிறகு சில நாட்கள் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அவர் கடையிலிருந்து வரும்போது மகள் படித்துக்கொண்டிருப்பாள். சிவப்பு மெத்தை சுவரோரம் சாய்ந்திருக்கும். பழகினாயா என்று கேட்டால் தலையாட்டுவாள். விழுந்தாயா என்று கேட்டால் விழுந்தாலும் மெத்தைதானே என்பாள். அவள் தனியாகப் பழகுகிறாள் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்ததைத் தெரியாத மாதிரி வைத்துக்கொள்வதில் அவருக்குப் பழக்கம் உண்டு.

சனிக்கிழமைகளில் அவள் கடைக்கு வருவாள். தைத்து முடித்த மெத்தையைப் புரட்டிப் போடும்போது ஒரு முனையை அவர் பிடிப்பார், மறுமுனையை அவள். அவள் அம்மா பிடித்த முனை. அந்தச் சனிக்கிழமை அவர் "ம்" என்று குரல் கொடுத்துத் தூக்கியபோது மறுமுனை எழவில்லை. மறுபடி சொன்னார். அவள் முழங்கையை உள்ளே கொடுத்து, தோளால் முட்டித் தூக்கப் பார்த்தாள். வலது கை மட்டும் மெத்தையைத் தொடாமல் வயிற்றோடு ஒட்டியிருந்தது.

"கையைக் காட்டு."

"ஒண்ணுமில்லப்பா."

சுற்றிவந்து கையைப் பிடித்தார். மணிக்கட்டு வீங்கியிருந்தது. சட்டையின் முழுக்கை அதை மூடியிருந்தது. அந்தப் புழுக்கத்தில் வாரம் முழுவதும் அவள் முழுக்கைச் சட்டை போட்டிருந்ததை அவர் அப்போதுதான் நினைத்துப் பார்த்தார். எப்படி ஆயிற்று என்று கேட்டார். பின்னால் வளைந்து கையை ஊன்றும்போது கை உள்ளே புதைந்துவிட்டதாகச் சொன்னாள். விரல்கள் புதைந்தன, உடம்பு நிற்கவில்லை, மணிக்கட்டு பின்பக்கமாக மடங்கி அதன்மேல் மொத்த உடம்பும் இறங்கியது. கெட்டியான தரையாக இருந்தால் கை நின்றிருக்கும். அதை அவள் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. ஃபோம் எப்படிப் புதையும் என்று அவருக்குத் தெரியாதா?

"இத்தனை நாளா ஏன் சொல்லல?"

அவள் கீழே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்லும் குரலில்தான் சொன்னாள்.

"சொன்னா என்ன செய்வீங்க? அம்மா சொன்னாங்க. நீங்க மெத்தை தைச்சுப் போட்டீங்க."

மெத்தைக்காரர் செருப்பைத் தேடினார். ஒரு கால் செருப்புதான் அகப்பட்டது. இன்னொன்று பஞ்சுக் குவியலுக்கு அடியில் இருந்திருக்கலாம். தேட நிற்கவில்லை. வேறு யாருடையதோ ஒன்றில் காலை நுழைத்துக்கொண்டு, ஷட்டரைக்கூட இறக்காமல், அவளுடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினார்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துவிட்டு வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். மனைவி இருந்தது வேறு ஆஸ்பத்திரி. ஆனால் எல்லா ஆஸ்பத்திரியிலும் பெஞ்சு ஒன்றுதான், சுவரில் தலை படும் இடத்தில் எண்ணெய்க் கறையும் ஒன்றுதான். மகள் காலாட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, அவரைப் பார்க்காமலேயே பேசினாள்.

"அம்மா அந்த மெத்தையில படுக்கவே மாட்டாங்க."

"எந்த மெத்தையில?"

"எதிலயும். நீங்க கடைக்குப் போனதும் கீழ எறங்கி வெறுந்தரையில குப்புறப் படுத்துப்பாங்க. குப்புறப் படுத்தாத்தான் கொஞ்சம் நல்லாயிருக்குன்னு சொல்வாங்க. நீங்க வர்ற சத்தம் கேட்டா எந்திரிச்சு மேல படுத்துப்பாங்க." நிறுத்தினாள். "உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க. அப்பா பாவம், கஷ்டப்பட்டுத் தைச்சிருக்காருன்னாங்க. அதான் நான் சொல்லல."

அவர் குனிந்து, காலில் மாட்டியிருந்த யாருடையதோ செருப்பைப் பார்த்தார்.

"நான் சொல்லியிருந்தா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருப்பீங்கல்ல?"

அவள் இப்போது அவரைப் பார்த்தாள். இந்தக் கேள்வியை அவள் எத்தனை காலமாக உள்ளே வைத்திருந்தாள் என்று அந்தக் கண்களைப் பார்த்தபோது அவருக்குப் புரிந்தது. தன்னுடைய பாரம் தனக்கு மட்டும்தான் என்று அவர் இறுமாந்திருந்தார். துக்கத்தில்கூட மனிதனுக்கு இறுமாப்பு வந்துவிடுகிறது. அதே பாரத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு இந்தப் பிள்ளை இவ்வளவு நாளாக நின்றிருக்கிறாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆமாம், கூட்டிப்போயிருப்பேன் என்று சொன்னால் அவருக்குக் கொஞ்சம் கௌரவம் மிஞ்சும். நல்ல கணவன், தகவல்தான் கிடைக்கவில்லை என்று ஆகும். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது.

"இல்லம்மா" என்றார். "நீ சொல்லியிருந்தாலும் நான் இன்னொரு மெத்தைதான் தைச்சிருப்பேன். இன்னும் கெட்டியா வேணும்போலன்னு நெனச்சிருப்பேன். உங்க அத்தை வாய்விட்டே சொன்னா, நான் கேட்கல. உன் பேச்சையா கேட்டிருப்பேன்?"

அவள் யோசித்தாள். அப்பாவை அவளுக்குத் தெரியும். சொல்வது உண்மை என்று பட்டிருக்க வேண்டும். கால் ஆட்டுவதை நிறுத்திவிட்டுத் தலையை அவர் கையின்மேல் சாய்த்துக்கொண்டாள். அழவில்லை. கொஞ்ச நேரத்தில் தூங்கியே போய்விட்டாள். உள்ளே கூப்பிடும்வரை அவர் அசையவில்லை.

மணிக்கட்டு எலும்பில் மெல்லிய கீறல். மாவுக்கட்டுப் போட்டார்கள். அவள் வளையும்போது யார் பிடித்துக்கொண்டிருந்தது என்று டாக்டர் கேட்டதற்கு, யாரும் பிடிக்கவில்லை என்று மெத்தைக்காரர் பதில் சொன்னார். அவர்கள் கடைக்குத் திரும்பியபோது பக்கத்துக் கடைக்காரர் ஒற்றைச் செருப்போடு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

கட்டுப் பிரிக்கும்வரை பழக்கம் இல்லை. அதற்குள் மெத்தைக்காரர் ஒரு காரியம் செய்தார். பள்ளிக்கூடத்துக்குப் போய் அந்த டீச்சரைப் பார்த்தார். அவர் மகளாக இருக்கக்கூடிய வயதுதான் டீச்சருக்கு. வீட்டில் எந்த மாதிரி விரிப்பு போட்டீர்கள் என்று அவள் கேட்டாள். அவர் கையை விரித்துக் கனத்தைக் காட்டினார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வைவதற்குப் பதிலாக ஒரு சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டு நிறுத்தி, அவரை மண்டியிடச் சொன்னாள். எங்கே கை வைப்பது, எப்போது பாரம் வரும், எப்போது அது கைக்கு மாறும் என்று காட்டினாள். பிள்ளை பின்னால் பார்த்துத் தரையைக் கண்ணால் தேட வேண்டும். முழங்கை மடங்கக் கூடாது, மடங்கினால் தலை இடிக்கும். மேலே எழும்போது தலை கடைசியாகத்தான் வர வேண்டும். அவர் கையை அங்கேயும் இங்கேயும் நகர்த்தி இடம் தேடினார். அந்தப் பிள்ளை, "அங்கிள், கூசுது, கையை ஆட்டாதீங்க" என்றது. எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரிக்க வேண்டியதாயிற்று.

வீட்டுக்கு வந்து சிவப்பு மெத்தையின் தையலைப் பிரித்தார். மிருதுவான ஃபோமையெல்லாம் உருவி எடுத்துவிட்டு, அழுத்தினால் விரல் பதியாத கெட்டி ஃபோம் தகடு ஒன்றை மட்டும் உள்ளே வைத்து மறுபடி தைத்தார்.

கட்டுப் பிரித்து, டாக்டர் சரி என்ற பிறகு, மெதுவாக ஆரம்பித்தார்கள். முதலில் வெறும் பாலம். பிறகு சுவருக்கு முதுகு காட்டி நின்று, கைகளைப் பின்னால் சுவரில் ஊன்றி, பல்லி மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்குவது. அதன் பிறகுதான் நின்றபடி வளைவது. அவர் மண்டியிட்டார். அவள் கைகளைத் தூக்கினாள். வளைந்தாள். இடுப்பின் பாரம் மெல்ல அவர் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. சூடான, உயிருள்ள பாரம். இப்போது அழுதால் பிள்ளையைக் கீழே போட்டுவிடுவோம் என்று பயந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "வலிக்குதா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்ல."

தினமும் கேட்டார். அவள் கீழே போகும்போது ஒருமுறை, மேலே வரும்போது ஒருமுறை. அவள் தலைகீழாக இருந்துகொண்டே, வலித்தால் சொல்கிறேன் என்று சொன்னேன் இல்லையா என்று சிடுசிடுப்பாள். வலிக்குதா என்று கேட்க ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை. அதுதான் அவரைத் தின்றது. மூன்று மெத்தை தைத்த நேரத்தில் மனைவியிடம் இதை ஒருமுறை கேட்டிருக்கலாம். எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது, குனிந்தாலா, சாப்பிட்டாலா? ஒரு மெத்தைக்கு ஆகும் நூல் செலவுகூட இல்லை.

பள்ளிகளுக்கிடையே போட்டி அறிவித்தார்கள். அணிக்கு ஆள் எடுக்கும் நாளுக்கு முந்தின நாள் மாலை. மகள் அன்றைக்கு அருமையாகச் செய்துகொண்டிருந்தாள். அவர் கை வெறும் ஒப்புக்குத்தான் அடியில் இருந்தது. வளைந்து, ஊன்றி, நின்றாள். அவர் கேட்டார். வழக்கமான "இல்ல" வரவில்லை.

"மணிக்கட்டு கொஞ்சம் குத்துதுப்பா."

அவளைத் தாங்கி மேலே கொண்டுவந்தார். நிமிர்ந்து நின்றதும், தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. "லேசாத்தான். இப்ப இல்ல. நாளைக்குச் சரியாயிடும்" என்று அடுக்கினாள். அவர் வாயிலும் வார்த்தைகள் வரிசையாக வந்து நின்றன. வெந்நீர் ஒத்தடம் கொடு. துணியைச் சுற்று. தூங்கி எழுந்தால் போய்விடும். எல்லாமே அன்பான வார்த்தைகள். மெத்தையும் அன்பாகத்தான் தைத்தார்.

டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் அழுத்திப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், மறுபடி எக்ஸ்ரே எடுத்தார். எலும்பு நன்றாகக் கூடியிருந்தது. ஒன்றுமில்லை, அசதிதான், ஆனாலும் சில நாள் கையை ஊன்ற வேண்டாம் என்றார். சில நாள் என்றால் நாளையும் அதில் அடக்கம்.

அவள் அந்த அறையிலேயே அழ ஆரம்பித்தாள். பஸ்ஸில் அவரை விட்டு நாலு சீட் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டாள். வீட்டில் அத்தை காத்திருந்தாள். விஷயம் தெரிந்ததும், "எறும்பு கடிச்சாலும் இனிமே ஆம்புலன்ஸ்தானாடா? ஒருநாள் பொறுத்துப் போயிருக்கக் கூடாதா?" என்றாள். மகள் அறைக் கதவைச் சாத்துவதற்கு முன் திரும்பினாள்.

"இனிமே உங்ககிட்ட எதையும் சொல்லவே மாட்டேன்."

மெத்தைக்காரர் கூடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். செத்துப்போனவளுக்குச் செய்ய வேண்டியதை உயிரோடு இருப்பவளுக்குச் செய்து, பிள்ளை ஆசையில் மண்ணைப் போட்டுவிட்டோமோ என்று இருந்தது. போன தடவை கேளாததால் ஒரு குற்றம். இந்தத் தடவை கேட்டதால் ஒன்று. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. சொன்னால் தண்டனை என்று அவள் கற்றுக்கொண்டுவிட்டால்? அவள் அம்மாவைப் போலவே அவளும் சிரித்துக்கொண்டு "பரவாயில்ல" என்று சொல்லப் பழகிவிட்டால்? அந்தச் சொல்லை இந்த வீட்டில் இன்னொரு வாயிலிருந்து கேட்க அவரால் முடியாது.

அணியில் வேறு பிள்ளையை எடுத்துக்கொண்டார்கள். அவர் டீச்சரிடம் போய்க் கேட்டுப் பார்த்தார். அடுத்த முறை பார்க்கலாம் என்றாள். கூட்டிப்போனது சரிதான் என்றும் சொன்னாள். அதனால் அவர் மனம் ஆறவில்லை.

வீட்டில் பேச்சு நின்றுபோனது. சாப்பாடு வேண்டுமா என்றால் தலை ஆடும், அவ்வளவுதான். சிவப்பு விரிப்பு சுருட்டி வைத்தபடி கிடந்தது. கை எப்படி இருக்கிறது என்று கேட்க வாய் துடிக்கும். கேட்டால் "பரவாயில்ல" என்று வந்துவிடுமோ என்று பயந்து கேட்காமல் இருந்தார். கேளாமல் இருப்பதும் பழைய பாவம்தானே என்று உறுத்தும். இரண்டுக்கும் நடுவில், தட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்கும்.

ஒரு காலை, அவர் கூடத்தில் உட்கார்ந்து ஒரு சோபாவுக்கு உறைத்துணி வெட்டிக்கொண்டிருந்தார். மகள் அறையிலிருந்து வந்து எதிரே நின்றாள். சீருடை போட்டிருந்தாள். ஒரு பக்கக் கன்னத்தைக் கையால் பிடித்திருந்தாள். நின்றாள். போனாள். தண்ணீர் குடித்தாள். மறுபடி வந்து நின்றாள். அவர் நிமிரவில்லை. கத்தரி துணியில் நேர்க்கோட்டை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தது.

"அப்பா."

"ம்."

"பல்லு வலிக்குது." பிறகு வேகமாக, "செருப்பைத் தேடிட்டு ஓடாதீங்க. முதல்ல பாருங்க. பாத்துட்டுச் சொல்லுங்க" என்றாள்.

மெத்தைக்காரர் கத்தரியைக் கீழே வைத்தார். எழவில்லை. கையை நீட்டி, அவள் முகவாயைப் பிடித்து, முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். அவர் விரல்களில் உறைத்துணியின் நூல் பிசிறு ஒட்டியிருந்தது. அவள் முகத்தைச் சுளித்தாள். விலகவில்லை.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டார். "எப்பலேர்ந்து?"